பன்பாயில் ஒரு பன்மை

என் முழங்கால்களைத் தட்டிப் பார்த்த மருத்துவர் மருந்தைக் குறைத்துவிட்டு, யோகாசன வகுப்பொன்றிற் சேருமாறு பணித்தார். அவ்வகுப்பை நடத்தும் பெண் என் மாணவியின் மகள். அவள் தொலைபேசிக்கு அனுப்பிய முன்னறிவித்தல் மூன்றே வரிகள்: வெறும் வயிறு, தளர்ந்த உடை, சொந்தமாக ஒரு யோகா மெட். முதலிரண்டு வரிகளையும் நல்ல தமிழில் எழுதியவளுக்கு மூன்றாவதில் பாய் என்று எழுத ஏன் கை தளர்ந்தது என்று எண்ணியபடியே காத்தான்குடிக்குச் சென்றேன். கடையிலிருந்த இளைஞர் ஊதா நிறத்தில் ஒன்றை உதறி விரித்தார்.

"புடிச்சுப் பாருங்க டீச்சர், வழுக்கவே வழுக்காது. படுத்தீங்கெண்டா ஆளை அப்படியே ஒட்டிப் புடிச்சிரும்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். வேறு நிறம் உண்டா என்று வினவினேன். நிறத்தின் மீது எனக்கு எக்குறையும் இருக்கவில்லை.

பாயோடு ஒட்டவைத்தல் என்பது எங்கள் மட்டக்களப்பு நாட்டின் மீது வெளியூரார் சுமத்திய பழி. மட்டக்களப்புக்கு உத்தியோகம் பார்க்க வரும் ஆண்மகனை அவன் தாய் வழியனுப்பும்போது, கண்டவர் வீட்டுப் பாயில் இருந்துவிடாதே என்று எச்சரித்தே அனுப்புவாளாம். இங்குள்ள பெண்கள் மந்திரித்துப் பாய் விரிப்பர். அதில் அமர்ந்தவன் எழமாட்டான். பெற்றோரையும் பிறந்த ஊரையும் மறந்து அங்கேயே கிடப்பான் என்பது கதை. எங்கள் ஊரார் இதனை வன்மையாக மறுத்ததாக நான் கேட்டதில்லை. மந்திரமொன்று கைவசம் இருப்பதாகப் பிறர் நம்புவதில் ஒரு பெருமை இருந்தது. வந்தவன் சோற்றுச் சுவையாலும் பெண்ணின் அன்பாலும் தங்கிவிட்டான் என்று சொன்னால் கேட்பவர் யார்?

எங்கள் வீட்டிலும் அவ்வாறு ஒருவர் ஒட்டியிருந்தார். அவர் என் தாயின் தங்கையாகிய சின்னம்மாவின் கணவர். உன்னிச்சைக் குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பெண் வீட்டுக்கே மாப்பிள்ளை குடிவரும் எங்கள் வழக்கப்படி எங்கள் வீட்டின் வடக்கறையில் குடிபுகுந்தார். நெடிய உருவம். அவருடைய நீளத்துக்கென்றே, வாவிக் கரையில் விளையும் பன் என்னும் புல்லை அறுத்து உலர்த்தி, சின்னம்மா தம் கையால் ஒரு பாய் இழைத்தார். நூல்கள் வாவி என்னும் அந்நீர்ப்பரப்பை நாங்கள் ஆறு என்றே சொல்வோம்.

சில ஆண்டுகளின் பின், தந்தையாருக்குச் சுகமில்லை என்று கேள்வியுற்று அவர் ஊர் சென்றார். திரும்பவில்லை. தேடிச் சென்றவர்கள் வெவ்வேறு செய்திகளோடு மீண்டனர். அவரைப் பிறந்த வீட்டுக் கிணற்றடியிற் கண்டதாக ஒருவர் சொன்னார். வந்த கையோடு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிப் புறப்பட்டுவிட்டார் என்று அவ்வீட்டாரே சொன்னதாக மற்றவர் சொன்னார். இரண்டும் மெய்யாயின், இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் அவர் இருந்தாக வேண்டும். அந்த இடத்தை எவரும் அறியார்.

சின்னம்மா அழுது நான் கண்டதில்லை. மாலை விளக்கேற்றியதும் வடக்கறையில் அந்தப் பாயை விரிப்பார். விடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்துவார். அதன் அருகே வெறுந்தரையிலேயே தாம் படுப்பார். பாய் விரிந்திருக்கும்வரை ஒட்டியவர் எங்கிருந்தாலும் வந்தாக வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. அதனைச் சின்னம்மா நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. விரித்தார் என்பதே தெரியும்.

அயல்வீட்டு மாமி ஒருத்தி கிணற்றடியில் வாயை அடக்கமாட்டாள்.

"என்னகா, உங்கட பாயில பசை காஞ்சி போயிற்றா?"

"பசை நல்லாத்தான் இரிக்கி மாமி," என்பார் சின்னம்மா, வாளியை இறக்கியபடி. "ஆள்தான் தூரத்தில இரிக்கார்."

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நெஞ்சில் முட்டு. அதாவது இளைப்பு நோய். மழைக்காலம் தொடங்கினால் மூச்சு ஒரு துருத்தியைப் போல ஒலிக்கும். பள்ளிக்குச் செல்லும் நாள்களைவிடச் செல்லாத நாள்களே மிகும். அவ்வாண்டு பள்ளிக்குப் புதிதாக வந்த உடற்பயிற்சி ஆசிரியை, சனிக்கிழமைக் காலைகளில் வாசிகசாலை மண்டபத்தில் யோகாசனம் பழக்கப் போவதாக அறிவித்தார். மூச்சுக்கு நல்லது என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொள்ள வீட்டுக்கே வந்தார். காலையில் ஒன்றும் உண்ணலாகாது. இறுக்கமான சட்டை ஆகாது. ஆளைவிட நீண்ட பாயொன்று வேண்டும். இவற்றைச் சொல்லிவிட்டு, வகுப்புக்கு முன்பே பழகி வரவேண்டிய ஆசனம் ஒன்றுண்டு, அதற்குச் சவாசனம் என்று பெயர் என்றார்.

அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"சவமா? முட்டோட கிடக்கிற புள்ளையப் போய்ச் சவம் மாதிரிக் கிடக்கச் சொல்றீங்களா டீச்சர்?"

"அப்ப சாந்தியாசனம் எண்டு சொல்லுங்க. பேர்தான் ரெண்டு, படுக்கிறது ஒண்டுதான்."

அப்பா வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "படுக்கப் படிப்பிக்கவும் ஆள் வேணுமாகா? என்னைக் கேட்டிருந்தா நானே சும்மா படிப்பிச்சிருப்பனே."

ஆசிரியை சிரித்தார், ஆயினும் என் பக்கம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பில்லை. மல்லாந்து படுத்துக் கண்களை மூட வேண்டும். அசையலாகாது. "ஆர் என்ன கேட்டாலும் மறுமொழி சொல்லக்கூடாது. 'ம்' எண்டு கூடச் சொல்லக்கூடாது, விளங்குதா?" என்றார். நான் விளங்கியதாகத் தலையசைத்தேன்.

பாய்தான் இடராயிற்று. நான் படுத்துவந்தது கிழிந்த பாயொன்றின் நல்ல பாதி. என் முழங்காலோடு அது முடிந்துவிடும். புதிதாக இழைப்பிக்கலாம் என்றால், மழையில் பன் உலரவில்லை என்று கைவிரித்தார்கள். காத்தான்குடிச் சந்தைக்குப் போய்வர அம்மாவுக்கு நேரமில்லை. அப்பா பகலெல்லாம் ஆற்றுக்கு அப்பால், படுவான்கரை வட்டை என்னும் வயல்வெளியில் வேலையாக இருந்தார். நாள்தோறும் நண்பகலில் அவருக்குச் சோறு கொண்டு அம்மா தோணியேற வேண்டும். அடுத்த வாரம் சேரலாம் என்று முடிவாகும் வேளையில், அடுப்படியிலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது.

"எங்கட அறையில ஒண்டு இரிக்கே, அக்கா."

அம்மா அடுப்படியை நோக்கித் திரும்பினார். அப்பா பகடி எதுவும் சொல்லவில்லை. நானோ அச்சத்தால் உறைந்தேன். ஒட்டும் பாய் என்றால் அவ்வூரில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதிற் படுத்தால் எழ முடியுமா? எழ முடியாவிட்டால் பள்ளிக்கு எப்படிப் போவது? இக்கேள்விகளை நான் எவரிடமும் கேட்கவில்லை. வகுப்புக்குப் போகும் ஆசை அச்சத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தது.

மறுநாள் தொடங்கிப் பயிற்சி நடந்தது. வெறும் வயிறு வேண்டுமாகையால், பள்ளிவிட்டு வந்ததும் உண்பதற்கு முன்னர், அம்மா தோணியில் சென்றிருக்கும் உச்சிப்பொழுதே அதற்கென்று அமைந்தது. அந்நேரத்தில் ஆற்றிலே காற்று இராது. நீரிலிருந்து எழும் ஒளி சாளரத்தினூடே புகுந்து கூரை மரங்களில் மெல்ல நெளியும். சின்னம்மா பாயை விரித்து, என் குதிகால்களை இரு கைகளாலும் பிடித்து ஓரிடத்தில் வைத்தார்.

"குதிகால் இஞ்ச இரிக்கட்டும், மனே. கையை விரி. சிரிக்காத புள்ள, சவம் சிரிக்கிறதா?"

என் குதிகால்கள் வைக்கப்பட்ட இடத்தில் பாய் இரண்டு குழிகளாகத் தேய்ந்திருந்தது. முதுகின் கீழும் ஒரு பள்ளம். அது என் முதுகைவிட அகன்றது. குளிர்ந்திருக்க வேண்டிய பாய், பகலெல்லாம் சுருட்டி நின்ற பாய், வெதுவெதுப்பாக இருந்தது. என் தலைக்கு அப்பாலும் பாய் நீண்டு கிடந்தது. அங்கே எண்ணெய் ஊறிக் கறுத்த வட்டமொன்று உண்டு. அதனை நான் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, உடனே கையைத் தாழ்த்திக்கொண்டேன். சற்று நேரத்தில் சின்னம்மா எழும்பச் சொன்னார். எழுந்தேன். ஒட்டவில்லை. எனக்கு வந்த மகிழ்ச்சியில் சோறு இரண்டு முறை வாங்கி உண்டேன்.

அடுத்த நாள் அவர் சாளரத்தைச் சாத்தினார். கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்றார். அதற்கடுத்த நாளில்தான் அது நிகழ்ந்தது. நான் படுத்தேன். அவர் என் தலைமாட்டருகே சம்மணமிட்டு அமர்ந்தார். பின்னர் மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கண்ண மூடுங்க."

நான் வியப்பால் கண்களை நன்றாகத் திறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் என்னை எவரும் பன்மையில் விளித்ததில்லை. புள்ள என்பார்கள், செல்லமாக மனே என்பார்கள், சினந்தால் சனியன் என்பார்கள். முன்னிலையில் உயர்வுப் பன்மை, பெரியோருக்கும் கணவருக்கும் கந்தோர் ஐயாமாருக்கும் உரியது. சின்னம்மாவை நிமிர்ந்து நோக்கினேன். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. என் தலைக்கு அப்பால், அந்தக் கறுத்த வட்டம் இருந்த இடத்தில் நிலைத்திருந்தது.

"மூடுங்க. களைச்சி வந்திரிக்கிறீங்க."

மூடினேன். யோகாசனம் முனிவர்களிடமிருந்து வந்த கலை என்று ஆசிரியை சொல்லியிருந்தார். ஆகவே அதனைப் பயில்வோரை மதிப்போடு விளிப்பதே முறை போலும் என்று நானாகப் பொருள் கொண்டேன். பத்து வயதில் கிடைத்த அந்தப் பெருமையை என்னவென்று சொல்வது! இதனை அம்மாவிடம் சொன்னால் அவர் சிரித்துக் கெடுத்துவிடுவார் என்று மறைத்துவைத்தேன்.

அதன்பின் சின்னம்மா பேசத் தொடங்கினார். வடக்கறையில் ஒழுக்கு இருக்கிறது, ஓடு மாற்றவேண்டும் என்றார். முற்றத்து மாதுளை இவ்வாண்டு பூத்ததோடு சரி என்றார். "மறுகா" என்று, அதாவது பிறகு என்று தொடர்ந்து, "அந்தச் சிவத்தப் பசுவை வித்துப்போட்டம். நீங்க இரிந்திருந்தா விக்க விட்டிரிக்க மாட்டீங்க" என்றார். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும், மறுமொழி வந்தால் அதற்கு இடம் வேண்டும் என்பதுபோல, சற்று நிறுத்துவார். மறுமொழி சொல்லலாகாது என்ற விதியால் நான் பேசாது கிடந்தேன். அந்த இடைவெளிகளில் என் மூச்சைக் கேட்டேன். நான் உள்ளே இழுக்கும் வேளையில் பாயின் இழைகள் நொறுநொறுவென ஒலித்தன. வெளியே விடும் வேளையில் அடங்கின. சிலவேளை நான் மூச்சை நிறுத்திய பின்னும் அவ்வொலி ஒருமுறை எழுந்து அடங்கியது. என் நெஞ்சில் அந்த வாரம் முட்டு இருக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். மழை பெய்தும் மூச்சு நீர்போல ஓடியது. ஆசனத்தின் பயன் என்று அம்மா மகிழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் வகுப்பு. எங்கள் வீட்டு நாய்க்கு வடக்கறைக்குள் வரும் வழக்கமில்லை. அங்கிருந்தவர் போன நாள்முதல் அது அவ்வாயிலைக் கடந்ததில்லை. அன்று நான் படுத்ததும் அதன் நகங்கள் தரையில் ஒலிப்பதைக் கேட்டு இமையைச் சற்றே நெகிழ்த்திப் பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தவில்லை. என் தலையைக் கடந்து சென்று, பாயின் வெறுமையான பகுதியை முகர்ந்து, வெளியூர் சென்று மீண்டவரைக் கண்டாற்போல வாலைக் குழைத்தது. பிறகு பாயின் ஓரத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

சின்னம்மா நாயைத் துரத்தவில்லை. அதன் முதுகில் கை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். அன்று வீட்டுச் செய்தி எதுவும் சொல்லவில்லை.

"ஒண்டு கேக்கிறன்," என்றார் கடைசியில். "மறைக்காமச் சொல்லுங்க. நீங்க இனி வரமாட்டீங்க எண்டா எனக்கு அது தெரியோணும். ஊராக்கள் சிரிக்கிறத்துக்காகக் கேக்கல்ல. ஒவ்வொரு நாளும் விரிச்சி விரிச்சி எனக்குக் கை ஓஞ்சி போயிற்று."

நான் கிடந்தேன். எவருக்கோ சொல்லும் சொற்கள் என்பது எனக்கு விளங்கத் தொடங்கியிருக்க வேண்டும்; விளங்கவில்லை. தேர்வு வைக்கிறார் என்றே எண்ணினேன். மறுமொழி சொல்கிறேனா என்று ஆசிரியைக்காகச் சோதித்துப் பார்க்கிறார் என்று எண்ணி, உதடுகளை உள்ளே மடித்துப் பற்களால் கவ்விக்கொண்டேன்.

"பாயைச் சுருட்டட்டா?"

ஆற்றிலிருந்து ஓர் ஒலியும் இல்லை. தோணிக்காரரின் குரல் இல்லை, காகம் இல்லை. அத்துணை அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

"ம்," என்று ஓர் ஒலி எழுந்தது.

தாழ்ந்த ஒலி, நெஞ்சுக்குள்ளிருந்து வருவது. என் உதடுகள் பற்களுக்கிடையே இருந்தன. என் மிடற்றிலிருந்து வந்ததோ, பாயின் இழை ஒன்று தளர்ந்து ஒலித்ததோ, உறக்கத்தில் நாய்தான் முனகிற்றோ, அறியேன். எழுந்து ஓட விரும்பினேன். முதுகு பாயை விட்டுப் பெயரவில்லை. குதிகால்கள் அந்தக் குழிகளுக்குள்ளேயே இருந்தன. கையை உயர்த்த எண்ணினேன். எண்ணம் கைவரை சென்று சேரவில்லை. ஒட்டிவிட்டேன் என்று உணர்ந்தேன். அம்மா தோணியில் இருக்கிறார், அப்பா வட்டையில் இருக்கிறார், நான் இங்கே ஒட்டிக் கிடக்கிறேன், இனி இந்தப் பாயிலேயே வளர்ந்து, இந்தப் பள்ளம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு நீண்டு, கிழவியாகி முடியப் போகிறேன் என்று என் மனம் கதறியது.

நாய் எழுந்து உடலை உதறிக்கொண்டு வெளியேறும் ஒலி கேட்டது. முற்றத்தைக் கடந்து படலை வாயில்வரை அது ஓடிற்று. அங்கே நின்று, சிறு ஊளை ஒன்றை இட்டது.

"சரி," என்றார் சின்னம்மா.

அவர் எழுந்து சாளரத்தைத் திறந்தார். ஒளி உள்ளே பாய்ந்தது. பிறகு என் தோளைப் பற்றினார். அவருடைய கை நனைந்திருந்தது.

"எழும்பு, புள்ள. சோறு தின்னு."

உடனே எழுந்துவிட்டேன். தடையொன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது பாய் குளிர்ந்து, மற்றெல்லாப் பாய்களையும் போலக் கிடந்தது. அன்று மாலை விளக்கேற்றிய பின் அவர் அதனை விரிக்கவில்லை. மகளுக்கு நாளைக்கு வேண்டும் என்று சுருட்டிக் கட்டிவைத்திருக்கிறார் என அம்மா கருதினார்.

காலையில் சின்னம்மாவே பாயை என் தோளில் ஏற்றினார்.

"இது இனி உன்ர பாய். திருப்பிக் கொண்டு வந்து என்ர அறையில வைக்காத."

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், இடித்துக்கொண்டார்கள், ஒருத்தி உறங்கிக் குறட்டைவிட்டாள். நான் மட்டும் அசையாது கிடந்தேன். "இந்தப் புள்ளையைப் பாருங்க, என்ன நல்லாக் கிடக்கா! ஆர் படிப்பிச்சது?" என்று ஆசிரியை எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியைச் சின்னம்மாவிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று பாயையும் சுமந்து வழியெல்லாம் ஓடிவந்தேன்.

வீடு ஓசையின்றி இருந்தது. சனிக்கிழமையில் வயலுக்குச் சென்றிருக்க வேண்டிய அப்பா முற்றத்தில் நின்றார். என்னைக் கண்டும் பகடி எதுவும் சொல்லவில்லை. அடுப்படியில் அம்மா புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்தார். சின்னம்மா கிணற்றடியிலிருந்து தலைமுழுகி வந்துகொண்டிருந்தார். கூந்தல் அவிழ்ந்து நீர் சொட்டியது. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தும் வெறிதாக இருந்தது. குளித்த ஈரம் இன்னும் காயவில்லை, காய்ந்ததும் இட்டுக்கொள்வார் என்று எண்ணினேன்.

"சின்னம்மா! டீச்சர் எல்லாருக்கும் முன்னால என்னையத்தான் சொன்னா!"

"நீ நல்லாத்தான் கிடந்திருப்பாய்," என்றார் அவர். குரல் அன்பாகவே இருந்தது. "போ, உடுப்பை மாத்து."

நீ என்றார். போ என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஊரறியப் புகழ் பெற்று வந்த நாளில், அத்தனை நண்பகல்களில் எனக்குக் கிடைத்திருந்த பன்மையை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் செய்த பிழை யாது? அந்த 'ம்' என்னுடையது என்று எண்ணிக்கொண்டாரா? மீண்டும் ஒருமுறையாவது 'நீங்க' என்று அழைக்கட்டும், அதுவரை அவருடன் பேசுவதில்லை என்று உறுதிபூண்டு, பாயை வாசலில் போட்டுவிட்டு உள்ளே சென்றேன். அயல்வீட்டுப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதபோதும், என் மரியாதை பறிபோனதற்காக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.